தூமகேது இடப்பக்கம் திரும்பாது

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மாதுங்காவில் ஒரு சீமந்தச் சாப்பாட்டை மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு, செம்பூர் என்றதும் தலையாட்டி மறுக்கிற டாக்சிக்காரர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு தெருவில் நின்றேன். எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்ட சாய்நாத் மோட்டார் சைக்கிளை என் பக்கத்தில் நிறுத்தி, "ஏறிக்கோங்கோ மாமா, நான் விட்டுடறேன்" என்றார்.

மாதுங்காவிலிருந்து செம்பூருக்கு அப்படி ஒரு வழி இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வடாலா வந்தது. போனது. மறுபடியும் வந்தது. பிள்ளையாண்டான் ஊரைச் சுற்றிக் காட்டுகிறான் போலிருக்கிறது என்று நானும் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் இறங்கியதும் காரணம் கேட்டேன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், நின்றது நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும் ஒரு வேண்டுகோள்: "எழுதினேள்னா பேரை மாத்திடுங்கோ. தொப்பையையும் கொஞ்சம் குறைச்சுடுங்கோ."

பெயரை மாற்றிவிட்டேன். தொப்பையைப் பற்றி ஒன்றுமே எழுதப்போவதில்லை.

(அப்போது கதை முக்கால்வாசிதான் நடந்திருந்தது. மீதி நடக்கிறவரைக்கும் நான் காத்திருந்தேன். வெளியில் கேட்டவர்களிடம் நாவல் எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னேன்.)

2

முதல் வரியை இப்படி எழுதினேன்: "மும்பையில் அன்றைக்கு மழை கொட்டித் தீர்த்தது." அடித்துவிட்டேன். மும்பையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் நனைந்துகொண்டேதான் ஆரம்பிக்கிறார்கள்.

இரண்டாவது: "வாழ்க்கை என்பது திருப்பங்களால் ஆனது, ஆனால் சிலருக்கு" — வேண்டாம். இந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மூன்றாவது: "அன்பார்ந்த வாடிக்கையாளரே, தங்கள் வாகனத்தைப் பரிசோதித்ததில் அசாதாரணமான குறை எதுவும் காணப்படவில்லை. தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்."

இது நன்றாக இருக்கிறது, ஆனால் என்னுடையது இல்லை. சாய்நாத்தினுடையது. செம்பூரில் தூமகேது* மோட்டார் சைக்கிள்களுக்கான சர்வீஸ் சென்டரில், வருகிற புகார்களைக் கேட்டு, புகார் சொன்னவர்களுக்கு இந்த வாக்கியத்தை அனுப்புகிற நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். (கதைக்குள் அவனை அவன் என்றுதான் சொல்லப்போகிறேன். நேரில் பார்த்தால் அவர்தான்.)

* இப்படி ஒரு வண்டியும் கிடையாது, கம்பெனியும் கிடையாது. நிஜப் பெயரைத்தான் எழுதியிருந்தேன். என் மருமகள் வக்கீல். படித்துவிட்டு, வானத்தில் இருக்கிற ஏதாவது ஒன்றின் பெயரை வைக்கச் சொன்னாள். வால்நட்சத்திரம் வழக்குப் போடாது.

3

தூமகேதுவின் கோளாறு இதுதான். ஹாண்டிலை இடப்பக்கம் முழுசாக ஒடித்தால் எஞ்சின் நின்றுவிடும். வலப்பக்கம் எவ்வளவு ஒடித்தாலும் ஒன்றும் ஆகாது. ஹாண்டிலின் கழுத்துக்குள் போகிற ஒயர்க் கட்டு ஒரு பக்கம் திரும்பும்போது இழுபடுகிறது, அவ்வளவுதான். சாலையின் இடது ஓரமாகப் போகிற நம்மைப் போன்றவர்களுக்கு இடப்பக்கத் திருப்பம்தான் குறுகல். அங்கேதான் ஹாண்டிலை அதிகம் ஒடிக்க வேண்டியிருக்கும். வண்டி பாதி சாய்ந்திருக்கும் நேரத்தில் எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

புகார் வந்ததும் மெக்கானிக் வண்டியை எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் பின்னால் இருக்கும் தெருக்களை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவான். அந்தச் சுற்றில் நான்கு முனைகள். நான்கும் வலது. நடுவில் ஒரு டீக்கடை. வண்டி ஒரு தரம்கூட நின்றதில்லை. குறை எதுவும் காணப்படவில்லை.

இது சாய்நாத்துக்குத் தெரியும். ஏனென்றால் அவனிடமும் ஒரு தூமகேது இருந்தது. ஊழியர் சலுகையில் வாங்கிய, நீல நிற வண்டி. வாங்கிய முதல் மாதமே மாதுங்கா மார்க்கெட் முனையில் இடப்பக்கம் திரும்பும்போது நின்றது. பெட்ரோல் என்று நினைத்தான். இரண்டாம் முறை பேட்டரி என்று நினைத்தான். மூன்றாம் முறை நினைக்க ஒன்றும் பாக்கி இருக்கவில்லை.

அவன் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "அதுக்குள்ள நாப்பது அம்பது பேருக்கு குறை இல்லைன்னு அனுப்பிட்டேன் மாமா. இப்ப எனக்கே இருக்குன்னு எப்படிச் சொல்றது?" என்றான். பொய்யைவிடச் சங்கடம்தான் மனிதனை அதிகம் கட்டிப்போடுகிறது என்று இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். கட்டுரை வாடை அடித்ததால் எடுத்துவிட்டேன்.

ஆக, அவன் வலப்பக்கமாகவே போக ஆரம்பித்தான். ஓர் இடது திருப்பத்துக்குப் பதில் மூன்று வலது திருப்பங்கள். வீட்டிலிருந்து சீக்கிரமாகவே கிளம்பினான். அவனுடைய அப்பா வேங்கடசுப்ரமணியன் பால்கனியிலிருந்து இதைச் சில நாள் கவனித்தார். மகன் தினமும் காலையில் தெருக்கோடிப் பிள்ளையாரை வலமாகச் சுற்றிவிட்டு வேலைக்குப் போவதைப் பார்த்து அவர் மனம் குளிர்ந்தது. "கல்யாணமானப்புறம் பொறுப்பு வந்திருக்கு" என்று மருமகளிடம் சொன்னார்.

மருமகள் சாருலதா குர்லாவில் ஒரு பேங்கில் வேலை பார்த்தாள். தினமும் அவன் பின்னால்தான் உட்கார்ந்து போனாள். காதில் இயர்போனை மாட்டி ஏதாவது கேட்டுக்கொண்டே போகிறவள், வழியைக் கவனித்ததில்லை.

4

புகார் சொல்ல வந்தவர்களில் ஒருவரான சபுராவைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. சாய்நாத் சொன்னதை வைத்து முதலில் நான் எழுதிய சபுரா அழுதுகொண்டே வந்தாள். "ஐயா, என் பிழைப்பே இந்த வண்டியில்தான்" என்றெல்லாம் பேசினாள். பிறகு தாராவிக்குப் போய் நிஜமான சபுராவைப் பார்த்தேன். எழுதியதை வாசித்துக் காட்டினேன். அவர் ரெக்ஸின் துண்டு ஒன்றை மடித்துக்கொண்டே கேட்டார்.

"இந்தப் பொம்பள யாரு?" என்றார்.

"நீங்கதான்."

"நான் எதுக்கு அழணும்? வண்டி அவன் செஞ்சது. அழ வேண்டியவன் அவன்லா."

கிழித்துவிட்டேன்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி தாராவிக்கு வந்தவர். பள்ளிக்கூடப் பைகள் தைக்கிற பட்டறை நடத்துகிறார். கணவர் காசிம் துணி வெட்டுவார், ஆட்களைப் பார்த்துக்கொள்வார், இரண்டு சக்கரத்தில் மட்டும் ஏறமாட்டார். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்த பயம். அதனால் சரக்கைக் கட்டி எடுத்துக்கொண்டு குர்லாவுக்கும் உல்லாஸ்நகருக்கும் போகிறவர் சபுராதான்.

முதல் தடவை சர்வீஸ் சென்டருக்கு வந்தபோது, "திருப்பத்துல வண்டி நின்னு நின்னு போவுது தம்பி" என்றார். குறை எதுவும் காணப்படவில்லை. இரண்டாம் தடவை, "லெஃப்டு திரும்பினாத்தான் நிக்குது" என்றார். சாய்நாத் சாவியை வாங்கி மெக்கானிக்கிடம் கொடுத்தான். மெக்கானிக் ஒரு சுற்றுப் போய், டீ குடித்து வந்தான். குறை எதுவும் காணப்படவில்லை.

மூன்றாம் தடவை ஷேர் ஆட்டோவில் வந்தார். இடது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. தாராவியின் தொண்ணூறடி சாலையிலிருந்து அவர் சந்துக்குள் திரும்பும்போது வண்டி நின்று, பைக் கட்டோடு சேர்ந்து சாய்ந்திருக்கிறார். பின்னால் வந்த தண்ணீர் டேங்கர் அவர் தலைமாட்டில் பிரேக் போட்டு நின்றது. "அவன் ஏசின ஏச்சுல கை முறிஞ்சதே மொதல்ல தெரியல" என்று என்னிடம் சொன்னார்.

சாய்நாத்தின் மேஜை மேல் அந்தக் கையை நீளமாக வைத்தார்.

"இதுல எழுதுங்க தம்பி. குறை ஒண்ணும் இல்லைன்னு. ரெண்டு தடவ எழுதினியள்ளா, அதே மாதிரி."

பேனா அவன் சட்டைப் பையில் இருந்தது. அவன் அதைத் தொட்டான், எடுக்கவில்லை.

5

மேனேஜரை வில்லனாக ஆக்கிவிடலாம் என்று ஒரு யோசனை இருந்தது. முறுக்கு மீசைகூட வைத்துப் பார்த்தேன். ஆனால் அந்த மனிதர் சபுராவின் கட்டைப் பார்த்ததும் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார், இஞ்சி டீ வரவழைத்தார். எந்தெந்த டாக்டரிடம் காட்டலாம் என்று சொன்னார். வண்டியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு மீசை ஒட்டாது.

வெளியில் மழை பிடித்துக்கொண்டது. ஆட்டோ ஒன்றும் நிற்கவில்லை. (மழை வந்தேவிட்டது. என்னால் ஆனமட்டும் தள்ளிப்போட்டேன்.) மேடம் கோபத்தோடு போய் செல்போனில் எதையாவது எழுதிவிடப் போகிறாரே என்று மேனேஜருக்குக் கவலை. கம்பெனியின் நல்லெண்ணத்தைக் காட்டுவதற்கு அவருக்கு ஒரு வழி தோன்றியது.

"சாய், நீ மாதுங்காதானே? மேடத்தை உன் வண்டியில தாராவியில விட்டுட்டுப் போ" என்றார் இந்தியில்.

சபுரா அந்த நீல நிறத் தூமகேதுவைப் பார்த்தார். சாய்நாத்தைப் பார்த்தார். மழையைப் பார்த்தார். ஏறி உட்கார்ந்தார்.

சயான் வரைக்கும் ஒன்றும் இல்லை. சயான் தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தம்பி, இங்கன லெஃப்டு."

வண்டி நேராகப் போயிற்று.

"சரி, அடுத்ததுல திரும்புங்க. அதுவும் போவும்."

வண்டி வலப்பக்கம் திரும்பியது.

"தாராவி அந்தப் பக்கம்லா இருக்கு."

"ரோடு ப்ளாக் மேடம். சுத்திண்டு போயிடலாம்."

சுற்றினார்கள். அடுத்த வலது ஒருவழிப் பாதையாக இருந்தது. அதற்கடுத்ததில் குழி தோண்டியிருந்தார்கள். மூன்று வலது சேர்ந்தால் ஓர் இடது என்பது காகிதத்தில் சரி. மும்பையில் மூன்றாவது வலது எங்கே இருக்கும் என்பதை மாநகராட்சிதான் முடிவு செய்கிறது. எப்படியோ வண்டி மாதுங்காவில், சாய்நாத்தின் சொந்தத் தெருவில் வந்து நுழைந்தது.

அன்றைக்குச் சாருலதா சீக்கிரம் வந்துவிட்டாள். கேட் அருகே குடையின் கீழே நின்று கொத்தமல்லி வாங்கிக்கொண்டிருந்தாள். தன் கணவன், கையில் கட்டுப்போட்ட ஒரு பர்தாக்காரப் பெண்ணைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, தன்னைப் பார்க்காதது போல நேராகப் போவதைப் பார்த்தாள். சரி, ஏதோ அவசரம் என்று நினைத்தாள். கொத்தமல்லிக்காரரிடம் கறிவேப்பிலை கேட்டு வாங்கி முடிப்பதற்குள் அதே வண்டி அதே பக்கத்திலிருந்து மறுபடியும் வந்தது.

இந்தத் தடவை சாருலதா தெருவில் இறங்கி நின்றாள். வண்டி நின்றது.

முதலில் பேசியது சபுராதான். "நான் தாராவிக்குப் போவணும்மா. இவங்க கூட்டிட்டுப் போவமாட்டேங்காங்க."

6

இந்தப் பகுதியை நகைச்சுவையாகவே கொண்டுபோய்விடலாம் என்று பார்த்தேன். சாருலதா சம்மதிக்கவில்லை. "அன்னிக்கு யாரும் சிரிக்கலை மாமா" என்றாள்.

ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே அவன் எல்லாவற்றையும் சொன்னான். மார்க்கெட் முனையில் நின்றதை, பிள்ளையார் கோவில் சுற்றை, டீக்கடைச் சுற்றை. கண்ணாடித் தடுப்பின் மேல் மழைத்துளி ஓடிக்கொண்டிருந்தது. சாருலதா குடையைச் சபுராவின் பக்கம் சாய்த்துப் பிடித்தபடி கேட்டாள். மாவுக்கட்டு நனையக் கூடாதே.

"தினமும் கார்த்தால நான் பின்னாடி உக்காந்துண்டு வரேனே. அது ஞாபகம் இருந்துதா?"

"இருந்துது. அதனாலதான் லெஃப்ட் எடுக்கறதே இல்லை."

"ஓ. ரொம்ப தேங்க்ஸ்."

சபுரா வண்டியிலிருந்து மெதுவாக இறங்கினார்.

"அப்பம் நான் ரெண்டாவது தடவ வந்து லெஃப்டுன்னு சொன்னேம்லா, அன்னைக்கே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"மொத தடவையே தெரியும்."

"தெரியும் அக்கா."

மேடம் என்பது அக்கா ஆனதை அவன் கவனிக்கவில்லை. சபுரா கவனித்தார், ஆனால் அதற்காக மனம் இளகிவிடவில்லை. "நீங்க சுத்திப் போவ வழி தெரிஞ்சு வச்சிருக்கிய. எனக்கு யாரு சொன்னா?" என்றார்.

சாருலதா ஒரு டாக்சியைக் கைதட்டி நிறுத்தினாள். சபுராவை ஏற்றி, தானும் ஏறி உட்கார்ந்தாள். டாக்சி முதல் முனையிலேயே இடப்பக்கம் திரும்பிப் போய்விட்டது. அவன் கொத்தமல்லிக்காரருக்குப் பணம் கொடுத்தான்.

7

மறுநாள் காலை அவன் இரண்டு காரியம் செய்தான்.

சபுராவின் புகாருக்குப் பதில் எழுதினான்: "தங்கள் வாகனத்தில் குறை உள்ளது. என் வாகனத்திலும் உள்ளது." பிறகு தன் வண்டிக்காக ஒரு புகார் எழுதிக் கம்பெனிக்கு அனுப்பினான். கம்பெனி விதிப்படி அதைச் சம்பந்தப்பட்ட சர்வீஸ் சென்டருக்குத் திருப்பியது. மதியத்துக்குள் அந்தப் புகார் அவனுடைய மேஜைக்கே வந்து சேர்ந்தது. தனக்கு ஏற்பட்ட சிரமத்துக்காக அவன் தன்னிடமே வருத்தம் தெரிவித்துக்கொள்ள வேண்டியிருந்தது. (இதை நான் சேர்த்ததாக நினைப்பீர்கள். இல்லை. எனக்கு இவ்வளவு கற்பனை கிடையாது.)

அதற்கப்புறம் செய்ததுதான் பெரிய வேலை. தான் "குறை இல்லை" என்று அனுப்பிய ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டான். "சார், அன்னிக்கு நான் சொன்னது தப்பு. இடப்பக்கம் ஹாண்டிலை முழுசா ஒடிக்காதீங்க. மறுபடியும் புகார் பண்ணுங்க, அரசாங்க வெப்சைட்டுலயும் பண்ணுங்க" என்று தமிழிலும் இந்தியிலும் அரைகுறை மராத்தியிலும் சொன்னான். ஒருவர் அவனை மோசடிக்காரன் என்று நினைத்து ஓடிபி தரமாட்டேன் என்றார். ஒருவர் வண்டியை விற்றுவிட்டதாகச் சொன்னார். யாரிடம் என்று கேட்டு, அவர் நம்பரை வாங்கிக்கொண்டான். ஒரு பெண்மணி, "எனக்குத்தான் ஓட்டத் தெரியலைன்னு வீட்டுல சொல்லிட்டாங்க" என்றார்.

மேனேஜர் அவனை உள்ளே கூப்பிட்டார். கத்தவில்லை. "ஒரு தரம் என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார். "சொல்லியிருந்தா?" என்று கேட்டான். "வேண்டாம்னு சொல்லியிருப்பேன்" என்றார். அடுத்த வாரம் அவனை உல்லாஸ்நகரில் பழைய வண்டி விற்கிற கிளைக்கு மாற்றினார்கள். தினமும் லோக்கல் ரயிலில் போகவேண்டும்.

ஒயரைத் தெருமுனை மெக்கானிக்கிடம் கொடுத்துக் கட்டிக்கொண்டிருக்கலாமே என்று கேட்டேன். "நானே சரிபண்ணிண்டா பழையபடி குறை இல்லைன்னு ஆயிடும் மாமா. அவாதான் பண்ணணும்" என்றான். சாருலதா மட்டும் அந்த வண்டியில் ஏற மறுத்துவிட்டாளாம். அவள் ஏறாத வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு வந்தான் என்பதை நான் பின்னால்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

8

மழைக்காலம் போய், தீபாவளியும் போன பிறகு எல்லோருடைய செல்போனுக்கும் ஒரு செய்தி வந்தது. வாடிக்கையாளர்களின் நலனில் கொண்ட அக்கறையால், முன்னெச்சரிக்கையாக, கம்பெனி தானாகவே முன்வந்து வண்டிகளைத் திரும்ப அழைக்கிறது, ஒரு கிளிப் மாற்றப்படும், இலவசம். 'தானாகவே' என்ற சொல்லைப் படித்துவிட்டுச் சாய்நாத் ரயிலில் தனியாகச் சிரித்தானாம்.

ஆமாம், ஒரு கிளிப். கட்டைவிரல் நகம் அளவு பிளாஸ்டிக்.

கதையை இங்கே முடிக்க எனக்குச் சில வழிகள் இருந்தன. மேனேஜர் தாராவிக்குப் போய் மன்னிப்புக் கேட்கலாம். (கேட்கவில்லை.) கம்பெனி முதலாளி தூமகேதுவில் ஏறி இடப்பக்கம் திரும்பலாம். (அவரிடம் கார்தான் இருக்கிறது.) சாய்நாத்துக்குப் பழைய நாற்காலி கிடைக்கலாம். (உல்லாஸ்நகரிலேயே இருக்கிறான். பழைய வண்டி வாங்க வருகிறவர்களிடம் எல்லாக் குறைகளையும் சொல்லிவிடுகிறான். விற்பனை எப்படி என்று நான் கேட்கவில்லை.)

நடந்தது வேறு. செய்தியின் கடைசி வரியில் 'வாகனத்தைக் கவனமாக ஓட்டி அருகிலுள்ள சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவரவும்' என்று இருந்தது. சபுரா சாய்நாத்தைப் போனில் கூப்பிட்டார்.

"கவனமான்னா என்ன தம்பி?"

"நான் ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துண்டு போறேன் அக்கா."

"நீங்க வாங்க. நான் ஓட்டுதேன்."

கட்டுப் பிரித்த பிறகு மணிக்கட்டு முன்போல முழுசாக மடங்குவதில்லை. விழுந்த நாளிலிருந்து அவர் வண்டியைத் தொட்டதும் இல்லை. காசிம் வாசலில் நின்று வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சபுரா ஹெல்மெட்டை மாட்டினார். சாய்நாத்தைப் பின்னால் உட்காரச் சொன்னார். அவன் உட்கார்ந்தான். சந்திலிருந்து தொண்ணூறடி சாலையில் ஏறுகிற முனைக்கு வந்தார்கள். அங்கே வலப்பக்கம் தடுப்பு வைத்து அடைத்திருந்தது. இடப்பக்கம் ஒன்றுதான் வழி. சாலையில் வலப்பக்கமிருந்து ஒரு பஸ்.

9

இதற்கு மேல் எனக்குத் தெரிந்தது இரண்டு.

சாய்நாத்தைக் கேட்டால், அந்த அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, ஹாண்டிலை ஒடிக்காமல் அகலமாக வளைத்து, எதிரே வந்தவர்களை எல்லாம் நிற்க வைத்து, ராணி மாதிரி திரும்பினார், எஞ்சின் நிற்கவே இல்லை, நான் பின்னால் மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தேன் என்கிறான்.

சபுராவைக் கேட்டால், எனக்கு மணிக்கட்டு மடங்கல்ல, பாதித் திருப்பத்துல வண்டி நின்னுட்டு, அந்தத் தம்பி குதிச்சு எறங்கி ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு பஸ்ஸுக்கு முன்னால போய் நின்னான், நான் மறுபடி ஸ்டார்ட் பண்ணுத வரைக்கும் அசையல்ல என்கிறார்.

இருவரையும் தனித்தனியாகக் கேட்டேன். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொன்னேன். "அக்கா சும்மா சொல்றா" என்றான் அவன். "பொய்யி" என்றார் அவர். காசிம் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாராம்; அவரும் சாட்சிக்கு உதவமாட்டார்.

செம்பூருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கிளிப் மாட்டினார்கள். அதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த முனையில் என்ன நடந்தது என்பதை நான் எழுதப்போவதில்லை. எதை எழுதினாலும் இரண்டு நல்லவர்களில் ஒருவரைப் பொய்யராக்க வேண்டும். எனக்கு இரண்டு வீட்டிலும் சாப்பாடு உண்டு.

நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இப்போது வண்டி முனையில் நிற்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. எந்தப் பக்கம் எழுதினாலும் சரி, பஸ்ஸை மட்டும் கொஞ்சம் பிடித்து வையுங்கள்.